ஏறுது என்றால் எது?

1. லேஅவுட் ரோடு

சாதிக் பாயின் இன்ஜின் என் இடது காதில்தான் செத்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்த அவருக்குக் கேட்பதற்கு முன்னால் எனக்குக் கேட்டுவிட்டது.

இடது காது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு செம்புக் குழாயின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி, அதை இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு முடுக்குவேன். மறுமுனையில் ரப்பர் டியூப். அந்த டியூப் கண்ணாடி இடுக்கு வழியாகக் காருக்குள் வந்து, நான் மாட்டியிருக்கும் காது மூடியின் இடது பக்கத்தில் சேரும். சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்தால் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நாக்கிங் என்போம். அது வந்தால் உடனே காலை எடுக்க வேண்டும். வலது காதை ஓட்டுகிறவர் பேச்சுக்காகத் திறந்து வைத்திருப்பேன்.

சின்னாளப்பட்டிப் பிரிவில் என் ஷெட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் இதைப் பார்க்கும்போதெல்லாம், "ஏப்பா, காருக்கு இது எத்தனாவது மாசம்?" என்பார். முதல் தடவை நானும் சிரித்தேன்.

என் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலிருந்து வரும் காரில், இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. இன்ஜினைப் பிரித்து உள்ளே எல்லாம் மாற்றி, காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவும் வைத்துவிட்டால் அந்தப் பெட்டியின் கணக்கு செல்லாது. வேறு பெட்டி வைத்து, பதினாறுக்குப் பதினாறு என்று இருநூற்று ஐம்பத்தாறு கட்டத்திலும் நாமே எண் போட்டு நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் ஓட்டித்தான் சரிபார்க்க முடியும். பெரிய ஊர்களில் இதற்கு டைனோ இருக்கிறது, வண்டியை உருளை மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். திண்டுக்கல்லில் எனக்குக் கிடைத்தது சித்தையன்கோட்டைப் பக்கம் மனை விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட். உள்ளே ஒரு கிலோமீட்டர் நேர் தார் ரோடு. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, ஆடு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை நடந்து பார்த்து, நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவையும் நடந்து பார்த்துத்தான் தொடங்குவேன்.

அன்று நோன்பு மாதம். சாதிக் பாய் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தார். பேகம்பூரில் தோல் கிடங்கு வைத்திருப்பவர். நாற்பது வயதுக்கு மேல் அவருக்கு இருந்த ஒரே ஆசை இந்தப் பழைய செடான்தான். பெருநாள் கழித்துக் கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கும் நேர் ஓட்டப் போட்டியில் அதை ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்று இரண்டு வருடமாக அதை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு வருடத்தில் என் பக்கத்தில் அதிக நேரம் உட்கார்ந்த மனிதர் அவர்தான். என் மனைவி மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போனவள், பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். மாதம் ஒரு தடவை வருவாள்.

மேற்கே பார்த்து இரண்டு தடவை ஓட்டினோம், நன்றாகப் போனது. மூன்றாவது தடவை கிழக்கே பார்த்து. எதிர்வெயில் என் மேல் அடித்து, லேப்டாப் திரையில் எனக்கு என் முகம்தான் தெரிந்தது.

"பாய், ஸ்க்ரீன் தெரியல. நீங்க மிக்சர் மீட்டரப் பாத்துச் சொல்லிக்கிட்டே வாங்க."

"சரிண்ணே."

மூன்றாவது கியர். டர்போ காற்றை இழுக்க ஆரம்பித்தது.

"ஏறுதுண்ணே."

"ஏறட்டும். மிதிங்க."

"நல்லா ஏறுதுண்ணே."

"நல்லதுதான். விடாதீங்க."

இடது காதில் கடுகு பொரிந்தது. நான் "விடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் சத்தம் மாறிவிட்டது. வண்டி தானாக ஓடி நின்றது. பின்னால் வெள்ளைப் புகை லேஅவுட்டின் மஞ்சள் கற்கள் மேல் படிந்துகொண்டிருந்தது.

சாதிக் பாய் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே ஆச்சு?"

நான் இன்னும் ஒன்றையும் பார்க்கவில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கலப்படப் பெட்ரோலாக்கூட இருக்கலாம் பாய்."

2. சிவப்புக் கோடு

மத்தியானம் ஷெட்டில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஓட்டுகிற ஒவ்வொரு நொடியையும் பெட்டி எழுதி வைத்திருக்கும். அதற்கு லாக் என்று பெயர்.

மிக்சர் மீட்டர் காட்டும் எண் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதுதான் அந்த எண். சாதிக் பாயின் இன்ஜினில் முழு மிதியில் அது பதினொன்று புள்ளி எட்டில் நிற்க வேண்டும் என்று வைத்திருந்தேன். எண் ஏறினால் காற்று கூடுகிறது, பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகும்.

லாக்கில் அந்த எண்ணின் சிவப்புக் கோடு தெளிவாக இருந்தது. பதினொன்று புள்ளி எட்டு. பன்னிரண்டு. பன்னிரண்டரை. பதின்மூன்று. பதினாலைத் தாண்டி மேலே. டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்புக்குப் போன பழைய ஒயர் மெல்லிசு. அது சூடேறி, பம்புக்குக் கரண்ட் பற்றாமல் பெட்ரோல் அழுத்தம் விழுந்திருக்கிறது. அந்த ஒயரை மாற்ற வேண்டும் என்று என் நோட்டில் நானே எழுதி, அடுத்த வாரம் என்று தள்ளியிருந்தேன். பெட்ரோல் குறைந்தால் தானாக இன்ஜினை நிறுத்தும் வசதியும் அந்தப் பெட்டியில் உண்டு. ட்யூன் செய்யும்போது சும்மா சும்மா வெட்டுகிறது என்று அதையும் அணைத்து வைத்திருந்தேன்.

அப்படியிருந்தும் இன்ஜின் பிழைத்திருக்கும். சாதிக் பாய் சரியான நேரத்தில் சொல்லிவிட்டார். டர்போ இழுக்க ஆரம்பித்ததும் "ஏறுதுண்ணே" என்று அவர் சொன்ன இடம் லாக்கில் பன்னிரண்டரை. அங்கே காலை எடுக்கச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நான் ஏன் மிதிக்கச் சொன்னேன்?

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. பதினான்கு வயதில், பழைய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்துவிடும் கார்புரேட்டரைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனேன். இருபது வருடம் அந்த வேலைதான். கார்புரேட்டர்க்காரன் வாயில் ஏற்று என்றால் பெட்ரோலை ஏற்று. இறக்கு என்றால் பெட்ரோலை இறக்கு. எங்களுக்கு மீட்டர் கிடையாது, எண் கிடையாது. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்போம். "ஏறிருச்சு" என்றால் பிளக் கறுத்திருக்கிறது, பெட்ரோல் அதிகம், இன்ஜினுக்கு ஆபத்தில்லை என்று அர்த்தம்.

சாதிக் பாய் கார்புரேட்டர் பார்க்காதவர். அவருக்குத் தெரிந்தது மீட்டர். அவர் எண் ஏறுகிறது என்றார். நான் பெட்ரோல் ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரே சொல்லை, இரண்டு பேரும் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

லேப்டாப்பை மூடினேன். இந்த ஊரில் அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது எனக்கு அன்று ஒரு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

3. கஞ்சி

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது பிஸ்டனின் ஓரம் வெல்லம் கரைந்த மாதிரி இருந்தது. சாதிக் பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்ரோல்னு அன்னிக்கே சொன்னீங்கல்லண்ணே. நான் விசாரிச்சேன். யூசுப்தான் மொத நாளு கேன்ல வாங்கியாந்து ஊத்துனான். எங்க வாங்குனன்னு கேட்டா வழியிலங்கிறான். எந்த பெட்ரோல் பங்க்குன்னு ஒழுங்கா பதில் இல்ல."

யூசுப் அவர் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அவர் கிடங்கிலேயே வேலை. ஒவ்வொரு நோன்பு மாதமும் சாயங்காலம் எனக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவருகிறவன் அவன்தான். தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு, "டாக்டரு, பேசண்ட் எப்புடி இருக்காரு?" என்று காரைத் தட்டிக்கொண்டே கேட்பான்.

அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். பிஸ்டனை வாங்கித் துணியில் சுற்றி வைத்தேன்.

மறுநாளிலிருந்து கஞ்சியை சாதிக் பாயே ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். யூசுப் எங்கே என்று கேட்டேன்.

"கெடங்குக்கு வரட்டும், வேலையப் பாக்கட்டும். வீட்டுக்கு மட்டும் வராதன்னுட்டேன். பொய் சொல்றவன எதுத்தாப்புல வச்சுக்கிட்டு எப்புடிண்ணே நோன்பு தெறக்கிறது?"

அந்தத் தூக்குவாளியைத் திறந்தால் தேங்காயும் பூண்டும் சேர்ந்த வாசனை ஷெட்டையே நிறைக்கும். தினமும் குடித்தேன். குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார் என்று குடித்தேன்.

இந்தத் தொழிலில் கேட்டுக்கொள்ள எனக்கு ஆள் கிடையாது. கார்புரேட்டர் காலத்தில் பக்கத்துப் பட்டறையில் போய் நின்றால் நான்கு பேர் நான்கு யோசனை சொல்வார்கள். இப்போது என் சந்தேகங்களை இன்டர்நெட்டில் முகம் தெரியாதவர்களிடம் கேட்கிறேன். என் இங்கிலீஷ் முழுக்க சாஃப்ட்வேர் மெனுவில் பொறுக்கியது. எங்கேயோ இருக்கிற ஒருவர் "டைமிங் இரண்டு டிகிரி குறை" என்று பதில் போடுவார். குறைத்தால் சரியாகிவிடும். அவர் கிழவரா, பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. இன்ஜின் ஏன் உருகியது என்று அவர்களிடம் கேட்கலாம். யூசுப் விஷயத்தை எப்படிக் கேட்பது?

ராத்திரி படுக்கும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு எழுந்து இன்னொரு தடவை பார்ப்பேன். அது என் சுபாவம். அந்த நாட்களில் லாக்கையும் அப்படித் திறந்து பார்த்தேன், கோடு ஒருவேளை மாறியிருக்குமோ என்பது போல. பன்னிரண்டரை அங்கேயேதான் இருந்தது.

பெருநாளுக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு சாதிக் பாய் வீட்டில்தான். போன இரண்டு வருடமும் அப்படித்தான். வருடத்தில் நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரே வீடு. நான் சொன்னால் அந்த இடம் போகும். சொல்லாவிட்டால் யூசுப்பின் இடத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

4. எப்பப் பாத்தீங்க

பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. சாயங்காலம் ஸ்கூட்டர் வந்து நின்றதும், "பாய், உள்ள வாங்க. செத்த நேரம் உக்காருங்க" என்றேன்.

"கஞ்சி ஆறிரும்ண்ணே. பள்ளிவாசல்ல பாங்கு சொல்றதுக்குள்ள நான் வீட்டுக்குப் போகணும்."

"பெட்ரோல் நல்ல பெட்ரோல்தான் பாய்."

உட்கார்ந்தார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதுல எனக்கு என்னண்ணே தெரியும்?"

"தெரியும். அன்னிக்கு மீட்டர்ல நீங்க பாத்த நம்பர்தான் இந்தச் செவப்புக் கோடு. பாத்துக்கிட்டே வாங்க."

விரலைத் திரையில் வைத்து நகர்த்தினார். "பதினொன்னு எட்டு. பன்னெண்டு. பன்னெண்டரை." விரல் நின்றது. "இங்க நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"ஏறுதுன்னு சொன்னேன்."

"ஆமா."

"நீங்க மிதின்னீங்க."

"பெட்ரோல் ஏறுதுன்னு நெனச்சுட்டேன் பாய். கார்புரேட்டர் புத்தி. நீங்க சொன்னது சரி. பம்பு ஒயரும் நான் மாத்தியிருக்கணும். யூசுப் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் கோட்டைப் பார்த்தபடியே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பதிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"இத எப்பப் பாத்தீங்க?"

"அன்னிக்கு மத்தியானமே."

அவர் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இன்ஜின் போவுதுண்ணே. அது இரும்பு. இத்தன நாளா நான் கொண்டாந்த கஞ்சியக் குடிச்சீங்களே, அதுதாண்ணே."

ஸ்கூட்டர் மெயின் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். தூக்குவாளி மேசையிலேயே இருந்தது. ஆறிய பிறகு குடித்தேன். கொட்டுவதற்கு மனம் வரவில்லை.

பெருநாள் அன்று போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று நான்கைந்து தடவை பார்த்தேன். மத்தியானம் மனைவி திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள்.

"பாய் வீட்டுக்குக் கெளம்பியாச்சா?"

"கெளம்பிட்டேன்" என்றேன். தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே, யூசுப் இந்நேரம் அங்கே உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

5. தூக்குவாளி

ஒரு வாரம் கழித்து வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது. கூட வந்தது யூசுப். நான் அதற்குள் பம்புக்குத் தடி ஒயர் இழுத்து, கரண்ட் குறையாமல் வர ரிலே என்ற தனி ஸ்விட்ச் வைத்து, அணைத்து வைத்திருந்த காவல் வசதியையும் திரும்பப் போட்டிருந்தேன். கழற்றிய இன்ஜினைச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்திருந்தேன்.

"கோயமுத்தூரு கொண்டுபோறோம்ண்ணே. இன்ஜினும் அங்கயே கட்டுறாங்களாம், டைனோவும் இருக்காம். ரூமுக்குள்ளயே நிப்பாட்டி ஓட்டிப் பாப்பாங்களாம். மச்சான் சொன்னாரு."

"நல்லது. அதான் சரி."

அவன் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"பெட்ரோலு நல்ல பெட்ரோல்தானண்ணே?"

"நல்ல பெட்ரோல்தான் யூசுப்."

"பங்க் பேர மறந்துட்டேன். அம்புட்டுத்தான். அதுக்குப் போயி." சிரிக்கப் பார்த்தான். "பெருநாளுக்கு அக்கா ஒரு தட்டு கூட வச்சிருச்சு. பழக்கத்துல. மச்சான்தான் எடுத்து உள்ள வச்சுட்டாரு."

கழுவி வைத்திருந்த தூக்குவாளியை அவன் கையில் கொடுத்தேன். பிறகு காரின் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினேன். முந்தின நாள் நான் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது.

ஏறுது, இறங்குது என்று சொல்லக் கூடாது.
எந்த மீட்டர், என்ன எண் என்று சொல்ல வேண்டும்.
கேட்டவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
திருப்பிச் சொல்லாவிட்டால் காலை எடுத்துவிட வேண்டும்.

யூசுப் வாய்விட்டுப் படித்தான். "இம்புட்டுத்தானா?" என்றான். "இம்புட்டுத்தான்" என்றேன்.

6. பதினான்கு நொடி

இன்று ட்யூனிங் கற்றுக்கொள்ள வரும் தம்பி தங்கைகள் என்னிடம் எந்த லேப்டாப், எந்த சென்சார் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் போனிலேயே கிடைக்கும். நான் சொல்ல இரண்டு விஷயம்தான் இருக்கிறது. ஒன்று அந்தக் காகிதத்தில் இருப்பது. நீங்கள் பழகிய தொழிலின் பேச்சு ஒன்று, பக்கத்தில் இருப்பவர் பழகிய பேச்சு வேறொன்று. அதனால் எண்ணைச் சொல்லுங்கள், சொல்ல வையுங்கள். இரண்டாவது, லாக்கை அன்றைக்கே, வண்டி சூடு ஆறுவதற்குள், வண்டிக்காரரிடம் காட்டிவிடுங்கள். உங்களைத் தவிர அதை யாரும் படிக்க முடியாது என்ற இடத்தில் கட்டாயம் காட்டுங்கள். தப்பைச் சொன்னால் வண்டிதான் போகும். ஒரு நாள் தள்ளிச் சொன்னால் போவது வேறு.

இப்போது மிக்சர் எண் எல்லை தாண்டினால் கத்துகிற மாதிரி ஒரு பஸ்ஸர் வைத்திருக்கிறேன். தவறாமல் கத்துகிறது. அதனிடம் டீக்கடைக்காரர் சொன்னதைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை, அது ஒன்றுதான் குறை.

சாதிக் பாய் பிறகு வரவில்லை. அந்த வருடப் போட்டிக்கு வண்டி தயாராகவில்லை என்று கேள்விப்பட்டேன். பைபாஸில் ஒரு தடவை எதிரே வந்தார். கையைத் தூக்கினேன். ஹெல்மெட் போட்டிருந்தார். பார்த்தாரா இல்லையா தெரியவில்லை.

அடுத்த வருடம், போட்டி நடக்கும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஷெட்டில் தனியாக, பெட்ரோல் தெளிக்கும் ஒரு இன்ஜெக்டரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு குரல் பதிவு வந்தது. சாதிக் பாய் எண்ணிலிருந்து. பதினான்கு நொடி.

சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. இன்ஜின் சத்தத்தோடு தொடங்கியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். அந்த இரைச்சலுக்கு மேலே யூசுப்பின் குரல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"மிக்சர் பதினொன்னு புள்ளி எட்டு."

சாதிக் பாயின் குரல்: "பதினொன்னு புள்ளி எட்டு."

"மிக்சர் பதினொன்னு புள்ளி ஏழு."

"பதினொன்னு புள்ளி ஏழு."

"மிக்சர் பதினொன்னு புள்ளி எட்டு."

இந்த மூன்றாவதை அவர் திருப்பிச் சொல்வதற்குள் பதிவு முடிந்துவிட்டது.

காது மூடியை எடுத்து, போனை அதற்குள் வைத்து இன்னொரு தடவை கேட்டேன். கடுகு பொரியவில்லை. சுத்தமான சத்தம். கோயம்புத்தூர்க்காரர் நன்றாகவே ட்யூன் செய்திருக்கிறார். எத்தனையாவது வந்தீர்கள் என்று எழுதினேன், அழித்தேன். மன்னிச்சிருங்க பாய் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"பதினொன்னு புள்ளி எட்டு."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு டிக்கும் நீலமானது.